வார்ப்பு அலுமினியத்தில் பசை பிடிக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடும் வழி

பிரிந்துபோன பாகம் கைக்கு வந்ததும் துணியை எடுத்துத் துடைக்காதீர்கள். துடைத்தால் சாட்சியம் போய்விடும். இரண்டு முகங்களையும் அருகருகே வைத்து, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். இரு முகத்திலும் பசை இருந்தால் பசை தனக்குள்ளேயே கிழிந்திருக்கிறது. மேற்பரப்பு வேலை சரி. குறை கனத்திலோ கலவையிலோ சூட்டிலோ பாரத்திலோ இருக்கும். ஒரு முகத்தில் பசை முழுதும் தங்கி, எதிர்முகம் வெற்று உலோகமாக மின்னினால் அங்கே பசை பிடிக்கவே இல்லை. மூன்றாவது வகை வார்ப்புக்கே உரியது. உலோகம் மங்கிய சாம்பல் நிறமாக இருக்கும். உரிந்து வந்த பசையின் முதுகில் கருப்பு தடவினாற்போல் இருக்கும். அதைத் தனியாகக் கீழே பார்ப்போம்.

டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலும் விமானப் பாகங்களில் வேலை செய்யும் தமிழ்த் தொழில்நுட்பர்களுக்காக இதை எழுதுகிறோம். ஒரே பசை, ஒரே கையேடு, ஆனால் ஊர் மாறினால் பிழையும் மாறுகிறது. டர்பனில் கோடைக்காலக் காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 20 டிகிரியைத் தொடும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தமே குறைவு. இது தவிர மின்வெட்டு இரண்டு ஊருக்கும் பொது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்த வார்ப்பை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது என்பதைத் தயாரிப்பாளரின் கையேடோ அங்கீகரிக்கப்பட்ட பழுதுபார்ப்பு வரைவோதான் முடிவு செய்யும். பகுதி 145 அனுமதி (விமானப் பராமரிப்புப் பணிமனைக்கான அங்கீகாரம்) இருந்தாலும் அதற்கு வெளியே போக யாருக்கும் உரிமை இல்லை. கீழே வருபவை, அந்த எல்லைக்குள் செய்த வேலை ஏன் கெட்டது என்று தேடுவதற்கு மட்டுமே. நாங்கள் சொல்லும் எண் உங்கள் கையேட்டின் எண்ணோடு மோதினால் கையேட்டைப் பின்பற்றுங்கள்.

அறிகுறி: தண்ணீர்ப் படலம் உடைகிறது

துடைத்து, உரசி, கழுவிய முகத்தில் அயனி நீக்கிய நீரை ஊற்றிச் சாய்த்துப் பிடித்தால் 30 விநாடியாவது நீர் ஒரே கண்ணாடிப் போர்வையாக நிற்க வேண்டும். வார்ப்பில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? முகம் முழுதும் நன்றாக நனைந்திருக்கும். நடுவே கடுகளவு வட்டங்களில் மட்டும் நீர் விலகி நிற்கும். விலகிய இடத்தை லென்ஸில் பார்த்தால் நடுவில் ஒரு நுண்துளை தெரியும். அந்தத் துளைக்குள்ளிருந்துதான் எண்ணெய் கசிகிறது.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தேடும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது ஊடுருவல் சாயம். வார்ப்புகள் பெரும்பாலும், விரிசல் தேடும் ஒளிரும் சாயச் சோதனையைக் கடந்துதான் வருகின்றன. அந்தச் சாயம் துளைக்குள் புகுவதற்கென்றே செய்யப்பட்ட எண்ணெய். வெளிமுகத்தைக் கழுவினால் உள்ளே இருப்பது வெளியே வராது. பாகத்தை 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து, இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். பச்சை மஞ்சளாகப் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தால் காரணம் தெரிந்துவிட்டது. கரைப்பானால் துடைத்து மறுபடி சூடாக்குங்கள். புள்ளிகள் நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மூன்று முறைக்கு மேலும் கசிந்தால் அந்த வார்ப்பின் நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன என்று பொருள். அதை ஒட்டும் வேலைக்கு எடுக்காதீர்கள்.

சூடாக்கும் வேலை, கிரிட் (முகத்தைக் கரடாக்கும் கடினத் துகள்) வீசுவதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். பின்னால் சூடாக்கினால், அப்போதுதான் திறந்த புது முகத்தின் மேலேயே எண்ணெய் பரவும். வெப்பத்தின் மேல் எல்லையும் முக்கியம். ஏ356 டி6 வார்ப்பு (சிலிக்கான் கலந்த அலுமினியம், சூடேற்றிப் பலப்படுத்தியது) சுமார் 155 டிகிரியில் முதிர வைக்கப்பட்டது. உலர்த்துகிறேன் என்று 170, 180க்குக் கொண்டுபோனால் உலோகத்தின் பலமே இறங்கிவிடும். 177 டிகிரியில் இறுகும் படலப் பசையை (தாள் போல் சுருளாக வரும் பசை) இந்த வார்ப்புக்குத் தேர்ந்தெடுப்பதும் அதே தவறு.

துளை இல்லாத இடத்தில் பட்டை பட்டையாக நீர் உடைந்தால் துணியையும் கையையும் சந்தேகியுங்கள். இரு துணி முறைதான் சரி: ஒன்று நனைந்தது, மற்றது உலர்ந்தது, கரைப்பான் காய்வதற்குள் உலர்ந்த துணி பின்தொடர வேண்டும். காய்ந்தபின் துடைத்தால் அழுக்கு இடம் மாறுகிறதே தவிரப் போவதில்லை. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து வருவது நம் வழக்கம். பசை அறைக்குள் தலையுறை இல்லாமல் நுழையக் கூடாது. ஆயுத பூஜைக்குக் கற்பூரம் காட்டுவது அறைக்கு வெளியே நடக்கட்டும். டயருக்கும் டேஷ்போர்டுக்கும் அடிக்கும் சிலிக்கோன் ஸ்ப்ரே இவை எல்லாவற்றிலும் மோசமானது. பக்கத்து அறையில் ஒருவர் அடித்தாலும் காற்றில் மிதந்து வந்து படியும். கிரிட் பெட்டிக்குள் ஒருமுறை போய்விட்டால் அதிலிருந்து வரும் ஒவ்வொரு பாகத்திலும் இருக்கும். அதனால் ஒட்டும் முகத்துக்கு மறுசுழற்சி கிரிட் வேண்டாம். 50 மைக்ரான் வெள்ளை அலுமினா, புதியது, எண்ணெயும் ஈரமும் வடிகட்டிய காற்றில் 2 முதல் 3 பார் அழுத்தம்: இவ்வளவு போதும்.

அறிகுறி: வெள்ளைத் துணியில் கருந்தூள், பசையின் முதுகில் கருப்பு

தகட்டு அலுமினியத்தில் பழகிய கைகள் வார்ப்பில் தோற்பது இங்கேதான். ஏ356, ஏ357 வகைகளில் சிலிக்கான் 6.5 முதல் 7.5 சதவீதம் வரை இருக்கிறது. டை காஸ்டிங் கலவைகளில் இன்னும் அதிகம். காரக் குளியலில் இறக்கினால் அலுமினியம் கரையும், சிலிக்கான் கரையாது. கரைந்த உலோகத்தின் மேல் அந்தச் சிலிக்கான் துகள்கள் கரிமாவு போல் உதிரியாகப் படிந்து நிற்கும். பார்வைக்குச் சீரான மங்கல் சாம்பல் நிறம், தண்ணீர்ச் சோதனையிலும் தேறிவிடும்! நீர் தூளின் மேலும் நன்றாகப் பரவுகிறது அல்லவா? பசையும் அப்படியே தூளை நனைத்துக்கொண்டு இறுகுகிறது. பிறகு பாரம் வந்ததும் தூள் அடுக்கு உலோகத்தை விட்டு வந்துவிடுகிறது.

வெளுத்த பருத்தித் துணியை விரலில் சுற்றி, முகத்தின் மேல் ஒரே ஒரு இழுப்பு இழுங்கள். துணியில் கருங்கோடு விழுந்தால் அந்த முகம் ஒட்டத் தகுதியற்றது. தெளிந்த ஒட்டுநாடாவை அழுத்தி உரித்து வெள்ளைத் தாளில் ஒட்டிப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. அந்தத் தாளை வேலைப் பதிவோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நைட்ரிக் அமிலத்தில் மட்டும் நனைத்தால் இந்தத் தூள் போகாது. தாமிரம் விட்ட கருமையை நைட்ரிக் எடுக்கும். சிலிக்கானை எடுக்க ஃப்ளோரைடு வேண்டும். நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃப்ளோரைடோ சேர்த்த குளியல்தான் பழைய முறை. அதற்கான காற்றோட்டம், முழு உடல் காப்பு, கைக்கெட்டும் தூரத்தில் 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆள் ஆகிய நான்கும் இல்லாத பணிமனை அந்தக் குளியலைத் தொடவே கூடாது. தோலில் பட்டதும் எரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்து எலும்புவரை வேதனை வரும்.

எங்கள் பரிந்துரை, கையேடு இடம் கொடுத்தால், வார்ப்பைக் குளியலிலேயே இறக்காமல் இருப்பது. கிரிட் வீச்சு, அதன்மேல் சிலேன் சார்ந்த சோல்-ஜெல் (உலோகத்தையும் மேல்பூச்சையும் பிணைக்கும் மெல்லிய திரவப் பூச்சு), அதன்மேல் ப்ரைமர். குளியலைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. நுண்துளைக்குள் புகுந்த அமிலம் கழுவும்போது வராது. மறுநாள் காலையில் ஈரப் பொட்டாக எட்டிப்பார்க்கும். அந்தப் பொட்டின் மேல் ப்ரைமர் கொப்புளிக்கும்.

சோல்-ஜெல்லில் நடக்கும் தவறுகள் சிறியவை, ஆனால் விலை பெரியது. இரு திரவங்களையும் கலந்த பின் காத்திருக்க வேண்டிய நேரத்தைக் குறைப்பது. தடவும்போது முகம் இடையில் காய்ந்துபோக விடுவது. குழிகளில் தேங்கிய திரவத்தை வடியவிடாமல் உலர்த்துவது. வார்ப்பின் மூலைகளிலும் விலா எலும்பு போன்ற தாங்கிகளின் அடியிலும் திரவம் தேங்கும். அங்கே கனமாக உலர்ந்தது பிறகு செதிலாக உரியும்.

அறிகுறி: லேப் ஷியர் சோதனை தேறியது, சில மாதங்களில் ஒட்டு விட்டது

எல்லா அறிகுறிகளிலும் எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். லேப் ஷியர் சோதனை, அதாவது ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய இரு துண்டுகளை எதிரெதிரே இழுத்துப் பார்ப்பது, ஒட்டிய அன்று, உலர்ந்த நிலையில், பசைக்கு எவ்வளவு பலம் என்பதை மட்டும் காட்டும். ஈரத்தில் அது எவ்வளவு காலம் தாங்கும் என்பதைக் காட்டாது. மோசமாகத் தயாரித்த முகமும் முதல் நாள் நல்ல எண்ணைக் கொடுக்கும்.

தாங்குதிறனைக் காட்டுவது ஆப்புச் சோதனை. ஒட்டிய இரு தகடுகளின் நுனியில் ஆப்பைச் செருகி, விரிசலின் முனையைக் கீறிக் குறித்து, 50 டிகிரி சூட்டிலும் 95 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரத்திலும் வைத்து, விரிசல் எவ்வளவு ஓடியது என்று அளப்பது. ஓடிய நீளத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். முடிந்ததும் தகடுகளைப் பிரித்து, ஈரத்தில் ஓடிய பகுதியைப் பாருங்கள். நீளம் வரம்புக்குள் இருந்தும் அந்தப் பகுதி வெற்று உலோகமாக இருந்தால் அதைத் தோல்வியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான பணிமனைகள் இங்கே ஒரு தவறு செய்கின்றன. சோதனைத் துண்டை 2024 என்ற அலுமினியக் கலவைத் தகட்டில் செய்கிறார்கள், வேலையை ஏ356 வார்ப்பில் செய்கிறார்கள். தகட்டில் சிலிக்கான் தூள் இல்லை, எண்ணெய் குடித்த துளை இல்லை. தகடு தேறியதால் வார்ப்பைப் பற்றி எதுவும் தெரியவந்துவிடவில்லை. கழிவு என்று ஒதுக்கிய அதே கலவை வார்ப்பிலிருந்து 3.2 மி.மீ. கனத் துண்டுகளை வெட்டிச் சமப்படுத்தி, பாகத்தோடு ஒரே நேரத்தில், ஒரே கையால், ஒரே கிரிட்டால் தயாரியுங்கள். வேலை அதிகம்தான். ஆனால் அந்தத் துண்டு ஒன்றுதான் உங்கள் பாகத்துக்காகப் பேசும்.

ஆப்புச் சோதனை தோற்றால் தேட வேண்டியவை இவை. கிரிட் வீசியதற்கும் ப்ரைமர் அடித்ததற்கும் இடையே நேரம் கடந்திருக்கலாம். டர்பன் ஈரத்தில் புதிதாகத் திறந்த அலுமினியத்தின் மேல் நீர் கலந்த ஆக்சைடு வளர்கிறது, அது பலவீனமானது. கடற்கரைக் காற்றின் உப்பும் படியும். கதவைத் திறந்து வைத்து வேலை செய்யும் அறையில் இரண்டும் சேர்ந்து நடக்கும். ப்ரைமர் கனம் கூடியிருக்கலாம். பிஆர் 127 போன்ற அரிப்புத் தடுப்பு ப்ரைமர் 2.5 முதல் 7.5 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். கனத்தால் நொறுங்கும் தன்மை வரும், பசையின் முதுகில் ப்ரைமரின் மஞ்சள் தெரியும். கரடான வார்ப்பின் மேல் கனமானியை வைத்தால் எண் தாவிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் வழவழப்பான சாட்சித் தகடு ஒன்றை நிறுத்தி, அதே வீச்சில் அதற்கும் ப்ரைமர் அடித்து, அதில் அளவெடுங்கள்.

அறிகுறி: பசை அடுக்கில் குமிழ்கள், தேன்கூடு போன்ற துளைகள்

குமிழ் எங்கே இருக்கிறது என்பதே பாதி விடை. வார்ப்பின் முகத்தை ஒட்டியே கொத்தாக இருந்தால் நுண்துளைகளின் மூச்சு. துளைக்குள் அடைபட்ட காற்று 23 டிகிரியிலிருந்து 120க்கு ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு விரிகிறது. வெளியேற அதற்கு ஒரே வழி, இளகி நிற்கும் பசை. மேலே சொன்ன முன்சூடு இதற்கு முழு மருந்தாகாது. மெல்லிய ப்ரைமரும் துளையை அடைக்காது. வடிவமைப்பு அனுமதித்தால் ஒட்டும் முன்பே வாக்குவத்தில் ரெசின் ஊட்டித் துளைகளை மூடிய வார்ப்பை வாங்குவதே நல்லது. அல்லது அறை வெப்பத்திலேயே இறுகும் பசைக்கு மாறுவது.

அடுக்கு முழுதும் சீராக நுரைத்திருந்தால் காரணம் ஈரம். 120 டிகிரியில் நீராவியின் அழுத்தம் சுமார் 198 கிலோபாஸ்கல். வாக்குவம் பை (பாகத்தை மூடிக் காற்றை உறிஞ்சி எடுக்கும் பை) கொடுக்கும் அழுத்தம் கடல் மட்டத்திலும் 100ஐத் தாண்டாது. அதனால் பசைக்குள் ஈரம் இருந்தால் பை அதை அடக்கிவைக்க முடியாது; 300 கிலோபாஸ்கல் கொடுக்கும் ஆட்டோகிளேவ் (அழுத்த அடுப்பு) அடக்கும்.

ஈரம் வரும் வழி அனேகமாக உறைபெட்டி. மைனஸ் 18 டிகிரியில் இருந்த படலச் சுருளை எடுத்ததும் உறையைப் பிரித்தால் டர்பன் காற்று ஒரு நிமிடத்தில் அதை நனைத்துவிடும். உறையின் வெளிப்புறத்தில் வேர்வை நின்று, துடைத்தபின் மீண்டும் வராத நிலை வரும்வரை உறையைத் திறக்கக் கூடாது. பெரிய சுருளுக்கு ஒரு இரவே வேண்டியிருக்கும். 1988 ஏப்ரலில் ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸ் விமானத்தின் மேற்கூரை பறந்துபோன விபத்தில், பழைய குளிர்முறை ஒட்டுகள் (அறை வெப்பத்திலேயே இறுகும் பசைத் துணியால் ஒட்டியவை) விட்டுப்போனதும் காரணங்களில் ஒன்று. குளிர்ந்த பசைத் துணியில் படிந்த ஈரமும் அந்த முறையின் அறியப்பட்ட குறைகளில் இருந்தது. அது தகட்டு ஒட்டு, வார்ப்பல்ல. ஈரம் செய்யும் வேலை ஒன்றே.

வார்ப்பே குளிர்ந்திருந்தாலும் இதே கதை. குளிரூட்டிய கிடங்கில் 18 டிகிரியில் கிடந்த கனமான பாகத்தை, பனிநிலை 21 டிகிரி உள்ள அறைக்குக் கொண்டுவந்தால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உட்காரும். தகடு பத்து நிமிடத்தில் சூடேறிவிடும், 4 கிலோ வார்ப்பு ஏறாது. காற்றின் வெப்பத்தை அளக்காதீர்கள். பாகத்தின் தோலை அளந்து, பனிநிலையைவிட குறைந்தது 3 டிகிரி மேலே இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: ஜோகன்னஸ்பர்க்கில் வாக்குவம் மானி 24 அங்குலத்துக்கு மேல் ஏறவில்லை

பையில் ஓட்டை தேடி அரை நாளை வீணாக்க வேண்டாம். அங்கே வளிமண்டல அழுத்தமே சுமார் 83 கிலோபாஸ்கல், அதாவது பாதரசத்தில் ஏறத்தாழ 24.5 அங்குலம். முழு வெற்றிடம் கிடைத்தாலும் மானி அதற்குமேல் காட்டாது. கடல் மட்டத்தில் எழுதிய கையேடு 25 கேட்டால் பொறியியல் பிரிவிடம் மாற்று அனுமதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓட்டை உண்டா என்று அறிய, பம்பை மூடிவிட்டு 5 நிமிடத்தில் மானி எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அந்த இறக்கம் உயரத்தைப் பொறுத்ததல்ல. பாகத்தின் மேல் விழும் அழுத்தம் டர்பனைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாகக் குறைகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். வளைந்த வார்ப்பை நெருக்கிப் பிடிக்க அது போதாமல் போகலாம்.

அறிகுறி: பசை இறுகவில்லை, மேலே பிசுபிசுப்பு

இரு பாகப் பசையில் முதல் சந்தேகம் தராசு. ஹைசால் ஈஏ 9394 என்ற பசைக்கு எடையில் முதல் பாகம் 100க்கு இரண்டாவது பாகம் 17. 50 கிராம் கலக்க நினைத்தால் முதல் பாகம் 42.7, இரண்டாவது 7.3. ஒரு கிராம் தவறினால் இரண்டாவது பாகத்தில் ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. 0.1 கிராம் காட்டும் தராசு இல்லாமல் சின்ன அளவு கலக்காதீர்கள். பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் சுரண்டிக் கலப்பதை மறந்தால் திட்டுத் திட்டாக மென்மை வரும்.

தராசு சரியென்றால் குளிர். இந்தப் பசை 25 டிகிரியில் இறுக 3 முதல் 5 நாள் வேண்டும். 66 டிகிரியில் ஒரு மணி நேரம். ஜோகன்னஸ்பர்க்கின் ஜூலை இரவில் சூடேற்றாத ஹேங்கருக்குள் வார்ப்பு ஒற்றை இலக்க டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த மணிநேரங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மேல்தோல் மட்டும் மெழுகு போலிருந்து உள்ளே கெட்டியாக இருந்தால், பசையை இறுக வைக்கும் அமீன் ஈரத்தோடும் கரியமிலவாயுவோடும் சேர்ந்த படலம்; பசை தடவிய முகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்ததன் விளைவு. தடவியதும் மூடுங்கள்.

சூடேற்றி இறுக வைக்கும்போது அடுப்பின் கடிகாரத்தை நம்பாதீர்கள். தகடு சூடாகிவிட்டது, வார்ப்பின் தடித்த புடைப்பு இன்னும் 30 டிகிரி பின்தங்கி நிற்கிறது. ஒட்டின் அருகே மிகத் தடித்த இடத்தில் ஒரு தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) வையுங்கள். நேரத்தை அதிலிருந்து எண்ணுங்கள்.

இடையில் மின்சாரம் போனால்? பதிவுக் கருவி மட்டுமாவது தனி மின்கலத்தில் ஓட வேண்டும். அடுப்பு அணைந்தது பெரிய பிரச்சினையல்ல, எவ்வளவு நேரம் எந்த வெப்பத்தில் இருந்தது என்று தெரியாமல் போவதுதான் பிரச்சினை. வரைகோடு இருந்தால் பொறியாளர் முடிவெடுக்க முடியும். கோடு இல்லையென்றால் பாகத்தைப் பிரித்துவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். உறைபெட்டிக்கும் தனிப் பதிவுமானி அவசியம்.

அறிகுறி: பசை கனம் ஓரிடத்தில் தாள், ஓரிடத்தில் அட்டை

மணல் வார்ப்பின் முகம் கண்ணுக்குத்தான் தட்டை. பசை கனத்தின் குறியளவு 0.1 முதல் 0.25 மி.மீ. பசை ஊற்றும் முன் ஒத்திகை பாருங்கள்: பசை ஒட்டாத இரு விலக்குப் படலங்களுக்கு நடுவே அதே படலப் பசையை வைத்து, அதே சூடும் அழுத்தமும் கொடுத்து, பிரித்தெடுத்து மைக்ரோமீட்டரால் கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று வரைபடமே கிடைக்கும். மேட்டை இயந்திரத்தில் சீவலாம், பள்ளத்தைப் பசையால் மட்டும் நிரப்பி ஒப்பேற்றக் கூடாது. இரு பாகப் பசையில் 0.13 மி.மீ. கண்ணாடி மணிகள் கலந்தது கிடைக்கிறது; பாரம் எவ்வளவு ஏறினாலும் பசை முழுதும் பிதுங்கிப் போகாமல் அவை காக்கும்.

அறிகுறி: ஆறியபின் ஓரத்தில் விரிசல், அல்லது ஓரத்தில் வெள்ளைப் பொடி

விரிசல் ஆறும்போதே வந்தால் விரிவுக் கணக்கு. 300 மி.மீ. நீள வார்ப்பு 120லிருந்து 20 டிகிரிக்கு இறங்கும்போது சுமார் 0.65 மி.மீ. சுருங்குகிறது. எதிரே கார்பன் ஃபைபர் பலகை என்றால் அது ஏறக்குறைய அசையாமல் நிற்கும். வித்தியாசம் முழுதும் பசையின் இரு நுனிகளில் விழும். குறைந்த வெப்பத்தில் இறுகும், வளைந்து கொடுக்கும் பசைக்கு மாற அனுமதி கேளுங்கள். நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் வேகமாக ஆற விடாதீர்கள்.

வெள்ளைப் பொடி பல மாதம் கழித்து வந்தால் அரிப்பு ஓரத்திலிருந்து உள்ளே நுழைகிறது. கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டால் கடற்கரையில் அலுமினியம்தான் கரையும். நடுவே ஒரு அடுக்குக் கண்ணாடி இழைத் துணி இருந்திருக்க வேண்டும். பிதுங்கிய பசையைக் கத்தியால் சீவி எடுத்த ஓரங்களில் இந்தப் பொடி முதலில் தெரியும், ஏனெனில் கத்தி ப்ரைமரையும் சேர்த்துக் கீறிவிட்டது. பிதுங்கலை இறுகும் முன்பே மரக்குச்சியால் வழித்து வளைவாக விட்டு, இறுகியபின் சீலன்ட் பூசுங்கள். பொடி வந்த பாகத்தில் ஓரத்தை நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் ஒலி மந்தமாகும் இடம் ஒட்டு விட்ட இடம். தடித்த வார்ப்பின் பக்கம் தட்டினால் ஒன்றும் கேட்காது, மெல்லிய பக்கத்திலிருந்தே தட்ட வேண்டும். எல்லையைப் பென்சிலால் குறிக்காதீர்கள், கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும். கையேடு அனுமதிக்கும் மார்க்கரால் குறித்து, தேதி எழுதி, அல்ட்ராசோனிக் சோதனைக்கு அனுப்புங்கள்.